ஜலஜோதியைப் பார்த்து வந்தவள்

“கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திட்டான் பாக்கியம். ‘யாரைப் பார்க்கணும்மா? பேரு, ஊரு எழுதுங்க’ன்னான். எழுதிக் குடுத்தேன். போன் பண்ணிப் பார்த்தான். ‘மேலே எடுக்கலைம்மா, உட்காருங்க’ன்னு தன்னோட ஸ்டூலையே துண்டால தொடைச்சுப் போட்டான்.”

“எவ்வளவு நேரம் உட்கார்ந்தே?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“ஒரு மணி நேரமா? ஸ்டூலுமேலயா? என் இடுப்புன்னா அங்கயே ரிட்டையர் ஆயிருக்கும்,” என்றாள் கௌரம்மா.

“அப்புறம் அவரே இறங்கி வந்தார். மேனேஜர். வெள்ளைச் சட்டை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே வந்தார். ‘முன்னாடியே ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே’ன்னார். அடுத்த வார்த்தை, ‘திரும்ப வண்டி எத்தனை மணிக்கு?’”

“பாரேன், முன்பின் தெரியாதவருக்கு எவ்வளவு அக்கறை,” என்றேன் நான்.

விசாலம் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆமாம்,” என்றாள்.

இது 1996, பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். யாதவகிரியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்களுடையது. தமிழர் பாதி, கன்னடக்காரர் பாதி. எங்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், பாஸ். இலவசமாக ரயிலில் போய்வரும் பாஸ்.

அந்தப் பாஸை வைத்து நாங்கள் ஒரு பழக்கம் உண்டாக்கியிருந்தோம். கௌரம்மா ஒரு தடவை வாசலில் வந்தவனிடம் இஸ்திரிப்பெட்டி வாங்கி, அது அவளைத் தூக்கி அடித்து, ஒரு வாரம் வலது கையால் சாப்பிட முடியாமல் இருந்தாள். பெட்டியில் மதுரை முகவரி இருந்தது. என் வீட்டுக்காரர் இராமச்சந்திரன் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போனபோது அந்த முகவரியைத் தேடிப் போனார். அது ஒரு முடிவெட்டும் கடை. “பாதி ஷேவிங்கில் இருந்தவர்கூட எழுந்து வந்து சிரித்தார்,” என்று வந்து சொன்னார். அன்றைக்கே நான் ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று கட்டம். பெட்டியில் என்ன சொல்லியிருக்கிறது. யார் போய்ப் பார்த்தது. என்ன பார்த்தார்கள். மூன்றும் நிரம்பாமல் எங்கள் தெருவில் மிக்ஸி வாங்க மாட்டார்கள், நெய் டப்பா வாங்க மாட்டார்கள். வாசலில் விற்க வருகிறவர்கள் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஜலஜோதி ஃபில்டர் அந்த ஜனவரியில் வந்தது. எவர்சில்வர் பாத்திரம், உள்ளே நீல நிறத்தில் ஒரு குழல். “கிருமி முழுவதும் சாகும். காய்ச்சத் தேவையில்லை. அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது” என்று எழுதி, கீழே ஒரு சான்று எண். முகவரி சேலம்.

நான் அந்த ஆய்வகத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன், “இந்த எண் உங்களுடையதுதானா?” என்று. ஒட்டியும் விட்டேன். அதற்குள் விசாலம் சொன்னாள், “எதுக்குடி கடுதாசி? அவங்க பதில் போடறதுக்குள்ள வருஷம் திரும்பிடும். நான் கோயமுத்தூர் போறேனே, சுதர்ஷனைப் பார்க்க. நடுவுல சேலத்துல இறங்கிப் பார்த்துட்டு வரேன்.”

விசாலாக்ஷியின் கணவர் ரயில்வே கார்டாக இருந்து காலமானவர். சுதர்ஷன் அவள் மகன். விதவைகளுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு செட் பாஸ்தான். அந்தப் பயணத்தை எங்களுக்காக அவள் சேலத்தில் பாதியில் நிறுத்துகிறாள் என்றதும் நான் கடிதம் போடுவதையே விட்டேன். இன்லண்ட் லெட்டரைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

“உள்ளே போனியா? ஃபேக்டரிக்கு உள்ளே?” என்று அந்தச் செவ்வாய்க்கிழமை கௌரம்மா விடாமல் கேட்டாள்.

“போகாம? வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணுங்க வரிசையா நின்னு அந்த நீலக் குழலைக் கண்ணாடி வெச்சுப் பார்க்கறாங்க. நான் கேட்டேன், ‘நிஜமாவே காய்ச்ச வேண்டாமா?’ன்னு. மேனேஜர் சொன்னார், ‘அம்மா, எங்க வீட்டுல அடுப்பே தண்ணிக்கு ஏத்தறதில்லை’ன்னு.”

நான் நோட்டை எடுத்து மூன்றாவது கட்டத்தில் அவள் சொன்னதை அப்படியே, மேற்கோள் குறியோடு எழுதினேன். ஒருவர் ‘பெரிய ஃபேக்டரி, நல்லா இருக்கு’ என்று சொன்னால் எனக்குப் போதாது. யார் என்ன பேசினார்கள் என்று சொன்னால்தான் எனக்கு அந்த இடம் கண்ணில் வரும். விசாலத்துக்கு அது தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

அந்த மாதமே எட்டு வீட்டுக்கும் எட்டு ஜலஜோதி வந்தது.

மே மாதம் என் மகள் அனுப்ரியா பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். ஆறு மாதம். வளைகாப்பில் விசாலம்தான் முதல் வளையல் போட்டாள். அனுப்ரியா பிறந்ததிலிருந்து பாதி நாள் அவள் வீட்டில் வளர்ந்தவள், அவளை “விசாம்மா” என்றுதான் கூப்பிடுவாள்.

வளைகாப்பு முடிந்து பாத்திரம் கழுவும்போது விசாலம் கேட்டாள், “பாக்கியம், இவளுக்கு மட்டும் தண்ணி காய்ச்சியே குடேன்.”

“ஏண்டி? ஜலஜோதி இருக்கே.”

“இல்ல... எதுக்கும் இருக்கட்டுமேன்னு.”

“நீதானே போய்ப் பார்த்துட்டு வந்தே? அவங்க வீட்டுலயே காய்ச்சறதில்லைன்னு சொன்னே?”

அவள் ஒரு டம்ளரை ரொம்ப நேரம் தேய்த்தாள். “சொன்னேன்தான்,” என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஜூனில் முதல் மழை. குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. ஃபில்டரில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறங்கியது. அனுப்ரியாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி. பிள்ளைத்தாச்சிக்கு வாந்தி என்றால் யார் பயப்படுவார்கள்? நாலாம் நாள் காலை அவள் கண் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார். “தண்ணீர் காய்ச்சித்தானே குடித்தாள்?”

“ஃபில்டர் இருக்கு மேடம். காய்ச்சத் தேவையில்லாத ஃபில்டர்.”

“யார் சொன்னது தேவையில்லை என்று?”

“எங்க சிநேகிதி நேரிலேயே போய் ஃபேக்டரியைப் பார்த்துட்டு வந்தாங்க மேடம்.”

அந்த அம்மாள் கோபப்படவில்லை. “ஃபேக்டரியைப் பார்த்தால் கிருமி தெரியுமா அம்மா?” என்றார் மெதுவாக. “அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள். கர்ப்பத்தில் மஞ்சள் காமாலை விளையாட்டு இல்லை. இரண்டு உயிர். பத்து நாள் ஒன்றும் சொல்ல முடியாது.”

நாங்கள் நோட்டில் எத்தனையோ சாமான்களுக்கு டிக் போட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட எதையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்ததில்லை. போய்ப் பார்த்தவர் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறோம்.

தண்ணீர் எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். அனுப்ரியாவுக்கு வெந்நீர் கொண்டுபோக என்னிடம் நல்ல ஃபிளாஸ்க் இல்லை. விசாலத்திடம் இருந்தது. அவள் வீட்டுக் கதவு எனக்கு எப்போதும் திறந்துதான் இருக்கும். “விசாலம்!” என்று கூப்பிட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனேன். அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நேற்றுக் காய்ச்சி ஆறவைத்த பானை, மேலே வெள்ளைத் துணி கட்டி. ஜலஜோதி எங்கே என்று பார்த்தேன். அலமாரிக்கு அடியில் இருந்தது. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

விசாலம் வாசற்படியில் வந்து நின்றாள், கையில் ஈரத்துணி.

“நீ காய்ச்சித்தான் குடிக்கிறியா?” என்றேன்.

“பழக்கம்டி... விட முடியலை.”

“அஞ்சு மாசமா?”

“அனுவுக்கு எப்படி இருக்கு?”

நான் ஃபிளாஸ்க்கை எடுத்தேன். அவள் காய்ச்சிய தண்ணீரைத்தான் அதில் நிரப்பிக்கொண்டு போனேன். வேறு வழி இல்லை.

இவரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “முகவரி நோட்டுல இருக்குதானே?” பாஸ் எழுதி வாங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பொறுமை இல்லாமல், முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கவுண்டரில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு சேலம் போனார்.

மூன்றாம் நாள் திரும்பினார். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

“ஃபேக்டரி இல்லை பாக்கியம்.”

“மூடிட்டானா?”

“எப்பவுமே இல்லை. ஒரு சந்து. எண்ணெய்க் கடைக்குப் பின்னால ஒரே ஒரு ரூம், தகரக் கதவு, பூட்டியிருக்கு. டீக்கடைக்காரன்கிட்ட கேட்டேன். ‘எங்கிருந்தோ பாத்திரம் லாரியில வரும் சார், ரெண்டு பேர் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாங்க, மறுநாள் லாரியில போயிடும்’ன்னான்.”

“மாடி?”

“ஓட்டு வீடு. மாடியே கிடையாது.”

“வாட்ச்மேன்?”

“வாசல்ல கேட்டுனு ஒண்ணே இல்லை. வாட்ச்மேனுக்கு எங்கே போக?”

“பிப்ரவரியில ஒரு அம்மா வந்தாங்களான்னு...”

“கேட்டேன். ‘அஞ்சு வருஷமா இங்கதான் கடை போட்டிருக்கேன், ஃபில்டரைத் தேடிக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான் சார்’ன்னான்.”

அனுப்ரியா உள்ளே தூக்கத்தில் முனகினாள். அன்று காலைதான் தண்ணீர்ச் சோதனை முடிவும் வந்திருந்தது. டாக்டரம்மா சீட்டைக் காட்டி, குழாய்த் தண்ணீருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

நான் அவரை மகளிடம் உட்காரச் சொல்லிவிட்டு விசாலம் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன். அவள் திறந்து, நான் தட்டியதற்கே முகம் மாறினாள்.

“அவர் சேலம் போயிட்டு வந்தார்,” என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மாடி இல்லையாம். கேட் இல்லையாம். வெள்ளைக் கோட்டுப் பொண்ணுங்க இல்லையாம்.”

“பாக்கியம்...”

“நீ சேலத்துல இறங்கினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“இறங்கலை.”

“அப்புறம் அந்த வாட்ச்மேன் யாரு? ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டானே, அவன் யாரு? அவனையுமா கற்பனை பண்ணினே?”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “அவன் நிஜம்,” என்றாள். “கோயமுத்தூர்ல சுதர்ஷன் ஃபிளாட்டுக்குக் கீழே இருந்தான்.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் புரிந்தது. மேலே எடுக்கவில்லை. ஒரு மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தவன். முன்னாடியே ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே.

“திரும்ப வண்டி எத்தனை மணிக்குன்னு...”

“என் பிள்ளைதான் கேட்டான்.” அவள் குரல் உடையவில்லை, அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. “நாலு வருஷமா லெட்டர் இல்லை. மாசாமாசம் எழுதறான்னு உங்ககிட்ட சொன்னேன். வருஷத்துக்கு ஒரு பாஸ். நடுவுல இறங்கினா ஒரு நாள் குறையுமேன்னு நேரா போயிட்டேன். ரெண்டு நாள் அவனோட இருக்கலாம்னு நினைச்சேன். மாமனார் வீட்டுக்காரங்க வந்திருக்காங்கன்னு மாடிக்குக்கூடக் கூப்பிடலை. சாயங்கால வண்டியிலயே திரும்பிட்டேன். சேலம் வந்தப்ப இறங்கணும்னுதான் எழுந்தேன். கால் வரலைடி.”

“அதை வந்து சொல்லியிருக்கலாமே.”

“எட்டுப் பேர் வட்டமா உட்கார்ந்து, ‘வாட்ச்மேன் என்ன சொன்னான், மேனேஜர் என்ன சொன்னார்’ன்னு கேட்டீங்க. வாயில அதுதான் வந்தது. மனசுல அதைத் தவிர வேற எதுவும் இல்லை. பாதியில நிறுத்த முடியலை. நீ வேற எழுதிக்கிட்டே இருந்தே.”

“நான் எழுதினது தப்பா?”

“அப்படிச் சொல்லலை.”

“காய்ச்சிக் குடுன்னு சொன்னியே, வளைகாப்பு அன்னைக்கு? அப்ப ஒரு வார்த்தை, ‘நான் போகலை பாக்கியம்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

“சொன்னா சுதர்ஷன் விஷயமும் சொல்லணும்.”

“அதுக்காக?”

“தெருவே சிரிச்சிருக்கும்.”

“நான் சிரிச்சிருப்பேனா விசாலம்?”

அவள் புடவை ஓரத்தை விரலில் சுற்றினாள்.

“உன் வீட்டுல மட்டும் பானை பானையா காய்ச்சி வெச்சிருக்கே. எங்க ஏழு வீட்டுக்கும் தெரியாத விஷயம் உனக்குத் தெரியும். அஞ்சு மாசம். தினம் என் வீட்டுக்கு வந்தே. என் பொண்ணு ஜலஜோதிக் குழாயைத் திருப்பி டம்ளர்ல பிடிக்கறதை நீ உட்கார்ந்து பார்த்திருக்கே.”

“தினமும் சொல்லணும்னுதான் வருவேன்.”

“வந்து?”

“காப்பி குடிச்சிட்டுப் போயிடுவேன்.”

நான் திரும்பினேன். அவள் என் முந்தானையைப் பிடித்தாள். “நோட்டுல சுதர்ஷன் விஷயத்தை எழுதாதே. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். மத்தது எது வேணா எழுது.”

“என் பொண்ணு அங்கே படுத்திருக்கா. உனக்கு நோட்டு ஞாபகம் வருது,” என்று சொல்லி முந்தானையை இழுத்துக்கொண்டு வந்தேன்.

காலண்டருக்குப் பின்னால் இருந்த இன்லண்ட் லெட்டரை அன்று தபாலில் போட்டேன். பசை காய்ந்து ஓரம் திறந்திருந்தது, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். இருபது நாளில் பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு எண்ணில் தாங்கள் யாருக்கும் சான்று கொடுத்ததில்லை என்று இரண்டு வரி. இருபது நாள்தான். பிப்ரவரியில் போட்டிருந்தால் மார்ச்சில் தெரிந்திருக்கும்.

அனுப்ரியா பிழைத்தாள். ஜூலையில், எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் தூங்கினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் நோட்டுக் கூட்டமும் நடக்கவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, ஆகஸ்டில் எல்லாரும் மறுபடி உட்கார்ந்தோம். விசாலமும் வந்தாள். கதவோரம் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் சேலத்தில் ஃபேக்டரி இல்லை என்ற விஷயம் தெரிந்திருந்தது. நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க இவர் காகிதமெல்லாம் தயார் செய்திருந்தார்.

“அங்கே ஃபேக்டரியே இல்லைன்னா, விசாலம் என்ன பார்த்தா?” என்று கௌரம்மா கேட்டாள். “ஹேளு பாக்கியம்மா, சொல்லு. ஏழு வீடு குடிச்சிருக்கு.”

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் மேற்கோள் குறியோடு மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டம் முழுவதையும் ஒரே கோடாக அடித்தேன். விசாலம் கையை மடியில் இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு, “யாரும் பார்க்கவில்லை” என்று எழுதினேன்.

“யாரும்னா?” என்றாள் கௌரம்மா.

“யாரும்னா யாரும்தான். அவ சேலத்துல இறங்கலை. இறங்கினதாச் சொன்னா. நாம நம்பினோம். இனிமே சாமானைச் சோதனைக்கு அனுப்பிச் சீட்டு வாங்கினாத்தான் டிக்.”

“ஏன் இறங்கலையாம்?”

“அது நோட்டுல இல்லை.”

கௌரம்மா விசாலத்தை ஒரு பார்வை பார்த்து, “தூ,” என்று எழுந்து போய்விட்டாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் விசாலம் மட்டும் இருந்தாள்.

“எழுதாம விட்டதுக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“நன்றி சொல்லிடாதே. என்னால தாங்க முடியாது.”

அவள் தலையாட்டினாள். போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளே அனுப்ரியா குழந்தையை மடியில் வைத்திருந்தது தெரிந்தது. அனுப்ரியாவுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “விசாம்மா, வாங்க, அங்கேயே ஏன் இருக்கீங்க?” என்று அவள் கூப்பிட்டாள்.

விசாலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகமானது.

“உனக்குத் தெரியாது அனு, நீ தூங்கிட்டிருந்தே. இவளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தப்ப நான் ஒரு நாள் வந்து பார்த்தேன். அங்கே ஒரு நர்ஸ் சொன்னா, ‘அம்மா, இந்த வார்டுலயே இதுதான் ரொம்பப் பிடிவாதக்காரி, மூக்குல இருக்கற டியூபை எத்தனை தடவை பிடுங்கிட்டா தெரியுமா’ன்னு...”

அனுப்ரியா சிரித்தாள். எனக்கும் வழக்கம்போல அந்த நர்ஸ் கண்ணில் வந்து நின்றாள். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் கை.

“எந்த நர்ஸ்?” என்று கேட்டேன்.

விசாலம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவ பேர் என்ன? எந்த நாள்? காலையிலயா, சாயங்காலமா?”

அவள் குழந்தையின் பாதத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.